தாத்தாவின் போனுக்குப் படம் அனுப்பலாம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் தெம்போடு நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் என் பேத்தி மேஸ்திரியும் அதே தெம்போடு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று கவரைப் பிரிக்கும்போதே பயந்திருப்பாய், பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, அதில் எதை எழுதினாலும் வாய்விட்டுப் படித்துவிடும். பேசலாம் என்றால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் அவர் காதில் விழும், கண் போனதிலிருந்து அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதே அவருக்குக் கூடத்திலிருந்து கேட்கிறது. அதோடு போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "சரிம்மா, சரிம்மா, நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. இப்போதும் எதிரே உட்கார்ந்துகொண்டு "என்னத்தக் கிறுக்குறே இவ்வளவு நேரமா?" என்று கேட்டார், குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கட்டடச் செயலாளருக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அது முழுப் பொய்யும் இல்லை, இதை முடித்துவிட்டு அதையும் எழுதத்தான் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, சின்ன ரவும் பெரிய றவும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், நீயே தள்ளி உட்கார வைத்துப் படித்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. என் முழங்கால் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் இருக்கிறது, மருமகள் அனுப்பிய உறை போட்டால் நன்றாக இருக்கிறது, போட்டுக்கொண்டு குனியத்தான் முடியவில்லை. நம் கட்டடத்து லிப்ட் மூன்றாம் மாடியில் கொஞ்சம் தயங்கித் தயங்கி நிற்கிறது. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு பிரேக் லைனிங் தேய்ந்துபோச்சு என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார், வந்து பார்த்த கம்பெனிக்காரர் அது பிரேக் இல்லை, கதவு சென்சாரில் தூசி என்று துடைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க உன் அப்பா சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பு இருந்தது. உன் அத்தை வந்திருந்தாள், அதைப் பிறகு சொல்கிறேன், சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உன் அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு படிக்கிறார் என்றுதான் நீ ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தாய், அது உன் தப்பு இல்லை, அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். பெரிய எழுத்தும் தெரியாமல் போன பிறகு கண் மருத்துவமனையில் ஒருவர் போனைப் பேச வைத்துக் கொடுத்தார். விரலை வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு பெண் குரல் படிக்கும். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது, வீட்டுக்குள் இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி, இவரும் "இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேளு" என்று மரியாதையோடு பேசுகிறார், என்னை ஒருநாளும் இந்தம்மா என்று கூப்பிட்டதில்லை. அவளுக்குக் கோபம் வராது, அலுப்பும் வராது, கடைக்காரன் தள்ளுபடி என்று அனுப்பியதையும் சாவுச் சேதியையும் ஒரே குரலில்தான் படிப்பாள். எழுத்துக்கு நடுவில் படம் வைத்தால் அந்தப் படத்தின் பெயரையும் விடாமல் படிப்பாள், சிரிக்கிற முகம், அழுகிற முகம், கூப்பிய கைகள் என்று. ஒரே படத்தை நீ வரிசையாகப் பத்து அழுத்தினால் அவளும் ஓய்வில்லாமல் பத்து தரம் சொல்வாள். இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

உன் அத்தையைப் பற்றி உனக்குத் தெரியும். காலையில் எழுந்து பல் தேய்க்கிறாளோ இல்லையோ நம் குடும்பக் குழுவுக்கு ஒரு வண்டிப் பூ அனுப்பிவிடுவாள். ரோஜா, ரோஜா, ரோஜா என்று இந்தம்மா படித்துக்கொண்டே இருப்பாள், அதற்குள் என் டீ ஆறிவிடும். அப்புறம் கூப்பிய கைகள், வெளிர் தோல் நிறம், கூப்பிய கைகள், வெளிர் தோல் நிறம். அந்தக் கைக்கு நிறம் தேர்ந்தெடுத்துப் போடலாமாம், போட்டால் போன் அதையும் சேர்த்தே சொல்லுமாம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பச்சைத் திரை போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காபித் தம்ளரைக் கீழே வைக்காமல் "பொண்ணு கொஞ்சம் மாநிறம்தான், பரவாயில்ல, கையெழுத்தாவது போடத் தெரியுமா?" என்று கேட்டவள் அவள். அவள் கை என்ன நிறம் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள், இந்தம்மா எனக்குச் சொல்ல வேண்டாம். என் பிரஷர் குக்கரை வாங்கிக்கொண்டு போய் கேஸ்கட் இல்லாமல் திருப்பித் தந்ததையும் நான் மறக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவளை நான் திட்டப் போவதில்லை, அதை நீ ஆச்சரியமாகப் படித்துக்கொள்.

உன் அப்பாவின் கூட்டாளி இறந்துபோனது உனக்குத் தெரியும். அன்றைக்கு என்ன நடந்தது என்பது தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் எப்படி வேலை பார்த்தார்கள் என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அது வங்கிக் கட்டடம், நீ நீலக் கால்சட்டை போட்டிருந்தாய், அழுதாய். உன் அப்பா கீழே லிப்ட் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் போடுவார், கூட்டாளி மேலே மோட்டார் அறையில் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார். நடுவில் அத்தனை மாடி. கீழேயிருந்து இவர் "போடலாம்" என்று கத்தாமல் மேலே அந்தக் கை அசையாது. ஒருநாள் யாரோ பெரிய அதிகாரி அவசரம் என்று மேலே ஏறி வந்து சுவிட்சைப் போடச் சொன்னபோதும், "கீழ என் ஆள் இருக்கான் சார், அவன் சொல்லட்டும்" என்று நின்றாராம். அந்தக் கையை நம்பித்தான் நான் இந்த வீட்டில் சோறு வடித்தேன்.

அந்தக் கூட்டாளி படுத்திருந்தார், தேறிவிடுவார் என்றுதான் சொன்னார்கள். ஒருநாள் காலையில் போய்விட்டார். உன் அத்தை அதே தெருவில் இருப்பவள், முதலில் ஓடியவள் அவள்தான், அங்கேயிருந்தே நம் குழுவுக்குச் செய்தி அனுப்பினாள். அழுதுகொண்டே அனுப்பியிருக்கிறாள், பாவம், அழுகிற முகம் அழுகிற முகமாக அழுத்தியிருக்கிறாள், அப்புறம் உடைந்த இதயம், மெழுகுவத்தி, கூப்பிய கைகள். எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துத் தட்டியிருக்கிறார், இந்தம்மா உரக்க அழும் முகம், உரக்க அழும் முகம் என்று ஆரம்பித்திருக்கிறாள். தங்கை எந்த நாடகத்தில் யார் செத்ததற்கு அழுகிறாளோ என்று நினைத்து நிறுத்திவிட்டார். போன மாதம்கூட அவள் ஒரு நாய்க்குட்டி வீடியோவுக்கு அப்படித்தான் அழுதிருந்தாள், அதனால் அவரையும் குறை சொல்ல முடியாது. நான் கீழே வந்து கேட்டதற்கு "உன் நாத்தனார் மழை பெய்யறா" என்று சொன்னார், இரண்டு பேரும் சிரித்தோம். மத்தியானம் அங்கே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கூட்டாளியின் மனைவி போன் செய்து "என்ன அண்ணே, நீங்க வரலியே, வழி பூரா எட்டி எட்டிப் பாத்தேன்" என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரியும். உன் அப்பா போனை வைத்துவிட்டு உன் அத்தையின் செய்தியைத் தேடி எடுத்து முதலிலிருந்து படிக்க வைத்தார். ஒவ்வொரு அழும் முகமாக, ஒவ்வொரு மெழுகுவத்தியாக, எதையும் தாண்டாமல் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு இந்தம்மா அதே குரலில் சொன்னாள், அண்ணனோட கூட்டாளி போய்ட்டார், மத்தியானம் எடுக்கறாங்க, அண்ணி நீங்க அண்ணனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க என்று. அவர் அங்கே போயிருந்தாலும் முகத்தைப் பார்த்திருக்கப் போவதில்லை. அந்தக் கையை ஒரு தரம் தொட்டிருப்பார். அதுதான் போய்விட்டது.

அந்தச் சூட்டில்தான் குழுவில் அவர் பேசி அனுப்பியது. நீயும் கேட்டிருப்பாய். "இனிமே ஒருத்தரும் எனக்கு ஒரு படமும் அனுப்பக் கூடாது, பூவும் வேணாம் கையும் வேணாம், சொல்றதைச் சொல்லுங்க இல்ல சும்மா இருங்க" என்று. உன் அத்தை மறுநாள் ஓடிவந்தாள், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, "நீல டிக் வந்துடுச்சே அண்ணி, பாத்துட்டார்னுதானே நினைச்சேன்" என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பார்த்ததற்குத்தான் அந்த டிக், கேட்டதற்கு இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும், நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரையும் போட்டேன். கேஸ்கட் விஷயம் தனி.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையை நீ வேதமாக எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் தாத்தாவுக்குப் படம் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், அப்பாவுக்குத் தொல்லை வேண்டாம் என்று, அதுவும் எனக்குத் தெரியும். இவர் முடி வெட்டிக்கொள்ளப் போன அன்று போன் சார்ஜில் இருந்தது, அப்போது மருமகள் கூப்பிட்டுச் சொன்னாள், இல்லாவிட்டால் எனக்கு இதுவும் தெரிந்திருக்காது. பிள்ளை "தாத்தாவோட ஃப்ரெண்டு செத்ததுக்கு என் படம்தான் காரணமா?" என்று அவள் பாஷையில் கேட்டாளாம். மருமகள் அதைச் சொல்லும்போது அவள் குரல் சரியில்லை. எனக்கும் அன்றைக்கு அடுப்பில் வைத்தது தீய்ந்துபோனது.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது தம்பி, நீ ஆபீசில் இருக்கிற நேரம் அது. போனில் பேசச் சொன்னால் அவள் "தாத்தா நல்லா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவாள், அவளுக்குத் தமிழ் வராது, இவருக்கு அவள் பாஷை வராது. அதனால் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அன்றைக்கு நடந்ததைப் படமாக அனுப்புவாள். குடை, பேருந்து, தவளை, செருப்பு. அவள் பார்த்து அழுத்துவது படம், இங்கே இந்தம்மா படிப்பது நல்ல தமிழ். குடை, பேருந்து, தவளை, செருப்பு என்று கேட்டதும் இவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "மழை பெய்ஞ்சிருக்கு, பஸ்ஸுக்குப் போயிருக்கா, வழியில தவளை, செருப்பை அது மேல போட்டுட்டா பாரு நம்ம மேஸ்திரி, எல்லாரையும் வேலை வாங்குறவ" என்று கதை கட்டுவார். செருப்புக்குள் தவளை புகுந்தது என்று மருமகள் பிறகு சொன்னாள், பாதிக்குப் பாதி சரி. அப்புறம் இவர் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பேசி அனுப்புவார், குடை, தவளை என்று, அவள் அதைத் திருப்பிச் சொல்லி அனுப்புவாள். தவழை என்று சொன்னாள், அவர் திருத்தினார், இரண்டாவது முறை சரியாகச் சொன்னாள். உன்னால் அந்த வயதில் அது முடியவில்லை, நீ ஏழு வயது வரை பழத்தைப் பயம் என்றுதான் சொன்னாய்.

நான் மருத்துவமனையில், போனைப் பேச வைத்துக் கொடுத்த அந்தப் பயிற்சிக்காரரைக் கேட்டேன், இவருக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தபோது நான் மட்டும் எழுந்து அவர் மேஜைக்குப் போனேன். அவருக்கும் பார்வை இல்லை, சிரிக்கிற மனிதர். படம் அனுப்பினால் உங்களைப் போன்றவர்களுக்குத் துன்பமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "யாருங்க சொன்னது, படம் எனக்கென்ன விரோதியா?" என்று கேட்டார். "கொட்டிக் குவிக்கிறதுதாங்க தொல்லை. ஒண்ணு போதும், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிட்டு கடைசியில வைக்கச் சொல்லுங்க, அப்ப வேணும்னா கேப்போம், வேணாம்னா விடுவோம். என் பொண்ணு எனக்கு ஒரு சிங்கம் அனுப்புவா, அது வரலைன்னா அன்னைக்கு வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவேன்" என்றார். வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் படத்தை வைத்தால்தான் தடுக்கி விழுகிறோம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. போன வாரம் நீ "அப்பா ஊசி போட்டாச்சா?" என்று எழுதாமல் அப்பா என்ற வார்த்தைக்கு அப்புறம் ஒரு ஊசிப் படம், அப்புறம் ஒரு கைவிரல், அப்புறம் கேள்விக்குறி வைத்திருந்தாய். இந்தம்மா, அப்பா, ஊசி, கட்டைவிரல் மேலே, சிவப்புக் கேள்விக்குறி என்று படித்தாள். இவர் கட்டைவிரலில் ஊசி குத்திக்கொண்டாயா என்று கவலைப்பட்டார். ஊசி என்று எழுத உனக்கு இரண்டு எழுத்து. புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டு ஒரு முகம் செய்வாயே, அதை அவள் முகமாகவே படிக்க மாட்டாள், புள்ளி, அடைப்புக்குறி என்றுதான் படிப்பாள், அதையும் விடு. முக்கியமான சேதியை முதலில் எழுது, வெறும் எழுத்தாக, அழுவதும் சிரிப்பதும் பின்னால் வரட்டும். உன் அத்தைக்கும் இதைச் சொல்லிவிட்டேன், இப்போது காலையில் ஒரே ஒரு பூதான் வருகிறது, அந்த ஒன்றை இவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவளுக்குப் பெருமை வேறு.

இதை அவரிடமே நான் சொல்லலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் அவர் உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுவார், நீ மனம் நொந்துபோவாய். இல்லாவிட்டால் "பேத்திகிட்ட நான் கேட்டு வாங்கணுமா?" என்று வாயை மூடிக்கொள்வார். வாழ்நாள் பூரா லிப்ட் பார்த்த மனிதர், சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கி வர மட்டும் தெரியாது. படம் வராமல் போனதும் முதலில் மேஸ்திரிக்குப் பள்ளிக்கூடம் லீவு போல என்று சொன்னார். அப்புறம் காய்ச்சலாக இருக்குமோ என்று என்னைக் கேட்டார், உன்னைக் கேட்கவில்லை. அப்புறம் "பிள்ளைங்க வளர்ந்துடும், கிழவன்கிட்ட என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அங்கே அந்தப் பிள்ளை தாத்தா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே இவர் அவளுக்கு அலுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு உப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நான் குழாயடியில் வாளி மாற்றிவிட்டு வந்தேன். இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனில் மெதுவாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தார், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். படங்கள் இருக்கிற பலகை அது. யானை என்றாள், ஒட்டகம் என்றாள், ஆமை என்றாள். மேஸ்திரிக்கு அனுப்பத்தான் எதையோ தேடுகிறார் என்று நான் சத்தம் காட்டாமல் கதவோரம் நின்றேன். ஒன்றையும் அழுத்தவில்லை. முயல், மீன், நத்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரிசை முழுக்கப் போனார், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன தேடுறீங்க என்று கேட்டேன். "ஒண்ணும் தேடல. போன் வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார்.

வேறு என்ன எழுத. நீ முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா, நாற்காலியை மாற்றினாயா. மருமகளை இரவு வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கச் சொல், சாப்பிடாமல் தூங்குகிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிகிறது. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், உன் அப்பாவுடையதும் அதுதான், அவரைக் கேட்காமலேயே எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்தது என்று போனில் சொல்லாதே, குழாய் சரியாகிவிட்டதா என்று கேள், நான் புரிந்துகொள்வேன்.

மறந்துவிடாதே. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உன் படத்தால் யாரும் சாகவில்லை, தாத்தா உன் மேல் கோபமாகவும் இல்லை என்று அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல். அப்புறம் போனை அவள் கையில் கொடுத்துவிடு, எதை அனுப்ப வேண்டும் என்று நீ சொல்லாதே, அவள் இஷ்டம். கொட்ட வேண்டாம், வரிசை கட்ட வேண்டாம், ஒன்று போதும். போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா